ஞாபகம் இல்லாதவர், முதல் நிலை

யாஸ்மிராத் எனக்குக் கெடுதல் எதுவும் செய்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், பின்னால் நான் செய்ததைக் கேட்கும்போது, அவன் ஏதோ செய்திருப்பான் என்று உங்களுக்குத் தோன்றும். அவன் செய்ததெல்லாம் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தது மட்டும்தான்.

தலைநகர மாற்ற ஆய்வு நிறுவனத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். பதினோரு வருஷம் ஆகிறது. நாற்பத்திரண்டாம் எண் அறையில் இரண்டு மேசைகள் கிடந்தன. அவன் ஐந்து நிமிடம் முன்னால் வந்துவிட்டதால் ஜன்னல் மேசை அவனுக்கு, சுவர் மேசை எனக்கு. அப்போது அது ஒரு விஷயமாகவே படவில்லை.

எங்கள் வேலை தலைநகரமான அஷ்கபாத் எப்படி மாறி வருகிறது என்று ஆராய்வது. அதற்குச் சில விதிகள் இருந்தன. நகர வரைபடம் ராணுவ ரகசியம் என்பதால் ஆய்வாளர்கள் அதைப் பார்க்கக் கூடாது. அளவு நாடா வைத்துக்கொள்ளத் தனி உரிமம் வேண்டும். பழைய புகைப்படங்கள் இப்போதைய நகரத்தை அவமதிப்பதால் அவற்றை ஆதாரமாகக் காட்டக் கூடாது. கையில் நோட்டுப் புத்தகத்தோடு தெருவில் நின்றால் அரை மணி நேரத்தில் யாராவது வந்து தோளில் கை வைப்பார்கள். ஆகவே முதல் மூன்று வருஷம் எல்லோரும் அறைக்குள் உட்கார்ந்தே நகரத்தை ஆராய்ந்தோம். மீதி நேரத்தில் மைதானத்துக்குப் போய் விழா ஒத்திகையில் கொடி ஆட்டினோம்.

நான்காவது வருஷம் ஒரு சுற்றறிக்கை வந்தது. ஜன்னல் வழியாகப் பார்ப்பது கள ஆய்வாகக் கருதப்படும் என்றது அது. அன்று காலை யாஸ்மிராத் கள ஆய்வாளர் ஆனான். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த நான் கோட்பாட்டாளர் ஆனேன்.

அவன் ஜன்னலுக்கு வெளியே ஒரு நீரூற்று, ஒரு பன்னிரண்டு மாடிப் பளிங்குக் கட்டடம், அதன் தோளுக்கு மேலே கோபெத்தாக் மலையின் ஒரு கீற்று. இவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு அவன் மூன்று மாதத்துக்கு ஒரு அறிக்கை எழுதினான். நீரூற்று எத்தனை மணிக்குத் திறந்தது, அதைத் துடைக்கும் பெண்கள் முகத்தைத் துணியால் எப்படி மூடியிருந்தார்கள், பன்னிரண்டு மாடியில் மாலையில் எத்தனை விளக்குகள் எரிந்தன என்று எழுதுவான். ஒரு தடவை நான்கு விளக்குகள் எரிந்தன. அந்த அறிக்கைக்குப் பதக்கம் கொடுத்தார்கள். நான் சுவரைப் பார்த்து நானூறு பக்கம் கோட்பாடு எழுதினேன். அதற்குப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது கொடுத்தார்கள்.

எனக்கும் வெளியே போக வேண்டும் என்று ஆசை. நான் தினமும் வரும் முப்பத்தேழாம் எண் பஸ், நெடுஞ்சாலைக்குத் திரும்பும் முன் ஒரு விநாடி ஒரு குறுகிய சந்தின் வாயைக் கடக்கும். பளிங்குச் சுவர்களுக்கு நடுவே மண் நிறத்தில் ஒற்றைமாடி வீடுகள், திராட்சைப் பந்தல்கள், புகை. செங்கல்காரர் தெரு என்று அதற்குப் பெயர். அதை ஆராய அனுமதி கேட்டு விண்ணப்பித்தேன். ஏழு மாதம் கழித்துப் பதில் வந்தது.

"அப்படி ஒரு தெரு இல்லாததால் அனுமதி வழங்க இயலவில்லை. இல்லாத தெரு தங்களுக்கு எப்படித் தெரியவந்தது என்பதை மூன்று நாட்களுக்குள் எழுத்து மூலம் விளக்கவும்."

பஸ்ஸில் தூங்கும்போது கனவில் கண்டேன் என்று விளக்கம் எழுதிக் கொடுத்தேன். அலுவல் பயணத்தில் தூங்கியதற்காக எச்சரிக்கை வந்தது.

இப்படி இருக்கையில்தான் வியன்னாவிலிருந்து அழைப்பு வந்தது. உலக நகரங்களின் மாற்றம் பற்றிய மாநாடு, எங்கள் நிறுவனத்திலிருந்து ஒருவர் கட்டுரை வாசிக்கலாம். இயக்குநர் ஹெம்ரா அகா எல்லோரையும் கூட்ட அரங்குக்கு அழைத்தார். மூத்தவர்களை நாங்கள் அகா என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு அறுபது வயது. நாற்காலியில் உட்காரும் முன் கூரையை ஒருமுறை பார்த்துவிட்டு உட்காருவார். அங்கே யாரோ அவருக்கு முன்னாலேயே உட்கார்ந்திருப்பது போல.

"தோழர்களே, நம்ம நகரம் உலகத்துலயே வேகமா மாறுற நகரம். அதே சமயம், நம்ம நகரம் இப்ப இருக்கிற மாதிரிதான் எப்பவும் இருந்துச்சு. இந்த ரெண்டையும் ஒரே கட்டுரையில நிரூபிக்கணும். முடிவை மேலிடம் ஏற்கெனவே அனுப்பிருச்சு, ரொம்ப நல்ல முடிவு. நீங்க அதுக்கு ஆய்வை மட்டும் செஞ்சா போதும். எனக்கு இதுல தனிப்பட்ட கருத்து எதுவும் கிடையாது. முப்பது வருஷமா கிடையாது. அதனாலதான் நான் இங்க நிக்கிறேன்."

கைதட்டினோம். பிறகு அவர் யாஸ்மிராத்தின் பெயரைச் சொன்னார்.

அன்று மாலை வீட்டில் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே என் மனைவி ஒகுல்ஷாத்திடம் சொன்னேன்.

"அவனுக்கு என்ன தெரியும்? ஒரு நீரூற்று தெரியும்."

"இருக்கட்டும். நல்ல மனுஷன் அவரு" என்றாள் அவள். "அவர் பொண்டாட்டி சொன்னா, உங்களையும் கூட அனுப்புங்கன்னு இயக்குநர்கிட்ட ரெண்டு தடவை கேட்டாராம்."

அதைக் கேட்டதும் ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். அவன் என்னைத் தள்ளிவிட்டுப் போயிருந்தால் பொறுத்திருப்பேன். எனக்காகக் கேட்டிருக்கிறான். கேட்கிற இடத்தில் அவன் இருக்கிறான், கேட்கப்படுகிற இடத்தில் நான் இருக்கிறேன்.

"அவருக்குக் கோட்டு தைக்கிறாங்களாம். சாம்பல் நிறமாம்" என்றாள் ஒகுல்ஷாத். அவளுக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று எப்போதுமே தெரியாது.

ஒரு வாரம் அவனுடைய பழைய அறிக்கைகளை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு குற்றம் தேடினேன். குற்றமே இல்லை. நல்ல எழுத்து வேறு. அதுவும் எரிச்சலாக இருந்தது. எட்டாவது வருஷ அறிக்கை ஒன்றின் அறுபத்து மூன்றாம் பக்கத்தில்தான் அது கிடைத்தது. "எதிரில் உள்ள கட்டடம் இப்போது பன்னிரண்டு மாடிகள் கொண்டது."

இப்போது.

இப்போது பன்னிரண்டு என்றால், அப்போது வேறு எதுவோ. அவனுக்கு அது ஞாபகம் இருக்கிறது. நான் ஒரு மொட்டைக் கடிதம் எழுதினேன். தோழர் யாஸ்மிராத்துக்கு ஞாபகம் உள்ளது, அதை அவர் அலுவல் நேரத்தில் பயன்படுத்துகிறார் என்று எழுதி, பக்க எண்ணையும் குறிப்பிட்டேன்.

புகார் அலுவலகத்தில் கடிதம் வாங்கும் ஜன்னலில் ஒரு குமாஸ்தா உட்கார்ந்திருந்தார். பெரிய பேரேட்டைத் திருப்பி என் முன்னால் வைத்தார்.

"பேரு, வேலை, கையெழுத்து."

"இது மொட்டைக் கடிதங்க."

"அதுக்குத்தான் இந்தப் பேரேடு. மத்த கடிதத்துலதான் பேரு இருக்குமே, அதுக்கு எதுக்குப் பேரேடு? மொட்டைக் கடிதம்னா எந்த மொட்டை கொடுத்தாருன்னு எங்களுக்குத் தெரிய வேண்டாமா?"

மெரெத், கோட்பாட்டாளர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் எனக்குத் தேநீர் கொடுத்தார். நல்ல கையெழுத்து என்று பாராட்டினார்.

விசாரணைக் குழு அடுத்த திங்கள்கிழமையே வந்துவிட்டது. ஆனால் அவர்கள் யாஸ்மிராத்தை மட்டும் விசாரிக்கவில்லை. ஞாபகம் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவக்கூடியது என்பதால், நிறுவனம் முழுவதையும் பரிசோதிக்க வேண்டும் என்றார்கள். ஒரு மருத்துவர், ஒரு அதிகாரி, ஒரு சுருக்கெழுத்தாளர். ஒவ்வொருவராக உள்ளே போனோம். அதிகாரி எங்கள் ஜன்னலுக்கு எதிரே உள்ள நீரூற்றின் படத்தை மேசை மேல் வைத்தார்.

"இது என்ன?"

"நீரூற்று."

"இதுக்கு முன்னாடி இங்க என்ன இருந்துச்சு?"

"இதுதான்."

"அதுக்கும் முன்னாடி?"

"இதேதான். ஆனா கொஞ்சம் புதுசா இருந்துச்சு."

மருத்துவர் என் நாடியைப் பிடித்துப் பார்த்தார். துடிப்பில் மாற்றமே இல்லை. பதினோரு வருஷம் சுவரைப் பார்த்தவனுக்கு எப்படி மாறும்? அதிகாரி எழுந்து நின்று என் கையைக் குலுக்கினார். "ஞாபகம் இல்லாதவர், முதல் நிலை" என்று ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். நிறுவனத்திலேயே எனக்கு மட்டும்தான் முதல் நிலை. ஹெம்ரா அகாவுக்கே இரண்டாம் நிலைதான்.

யாஸ்மிராத் எனக்கு அடுத்து உள்ளே போனான். கதவு சரியாகச் சாத்தப்படவில்லை.

"இதுக்கு முன்னாடி இங்க என்ன இருந்துச்சு?"

"ரொட்டிக் கடை" என்றான் யாஸ்மிராத். "அதுக்குப் பக்கத்துல செருப்புத் தைக்கிறவர் ஒருத்தர். எதிர்ல இருந்தது நாலு மாடி. மூணாவது மாடியில ஒரு அம்மா தக்காளி காயப்போடுவாங்க."

சுருக்கெழுத்தாளரின் பேனா நின்றுவிட்டது. எழுதலாமா என்று அவள் அதிகாரியைப் பார்த்திருக்க வேண்டும்.

"ஏன் சார் சொல்றீங்க?" என்றார் அதிகாரி, கிட்டத்தட்ட வருத்தமாக. "இல்லன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாமே."

"நீங்க கேட்டீங்க. பதினோரு வருஷத்துல என்கிட்ட யாரும் இதைக் கேட்டதில்ல."

"உங்க அறையில இருக்கிற மெரெத்துக்கும் இதெல்லாம் தெரியுமா?"

"அவருக்கா? அவரு சுவரைப் பாத்துட்டு இருக்கிறவரு. பாவம், அவருக்கு ஒண்ணும் தெரியாது."

அந்த வார்த்தைதான் என்னைக் காப்பாற்றியது. என்னால் அதை இன்று வரை மன்னிக்க முடியவில்லை.

அவனை நிறுவனத்திலிருந்து நீக்கி, தண்டனையாக இடிப்புத் துறைக்கு மாற்றினார்கள். ஜன்னல் மேசை எனக்கு வந்தது. வியன்னாவும் வந்தது. சாம்பல் நிறக் கோட்டும் வந்தது. அவன் என்னைவிட உயரம் என்பதால் கையை மடித்துத் தைத்தார்கள். ஒகுல்ஷாத் என்னை அந்தக் கோட்டில் பார்த்துவிட்டு, "தோள்ல தொங்குது" என்று மட்டும் சொன்னாள்.

ஜன்னலில் முதல் நாள் முழுக்க வெளியே பார்த்தேன். நீரூற்று, கட்டடம், மலை. யாஸ்மிராத் இதில் என்ன பார்த்தான் என்று எனக்குப் புரியவே இல்லை.

வியன்னாவுக்கு என்னோடு கோச்முராத் என்று ஒருவர் வந்தார். பயணப் பட்டியலில் அவர் மொழிபெயர்ப்பாளர். அவருக்கு எந்த மொழியும் தெரியாது, ஆனால் எப்போதும் பக்கத்திலேயே இருந்தார். நான் கட்டுரையை வாசித்தேன். நகரம் வேகமாக மாறுகிறது, எப்போதும் இப்படித்தான் இருந்தது, நன்றி. மரியாதைக்குக் கைதட்டினார்கள்.

எனக்கு அடுத்து ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியை மேடை ஏறினாள். அவள் எங்கள் நாட்டுக்கு வந்ததே இல்லை. விசா ஆறு தடவை மறுக்கப்பட்டதாகச் சிரித்துக்கொண்டே சொன்னாள். பிறகு விளக்கை அணைத்துவிட்டு, வானத்திலிருந்து எடுத்த அஷ்கபாத்தின் படத்தைத் திரையில் போட்டாள்.

"கண்ணை மூடிக்கங்க" என்றார் கோச்முராத் உடனே.

மூடிக்கொண்டேன். அரங்கில் இருநூறு பேர் என் ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிரேசில்காரன் பார்த்தான், ஜப்பான்காரி பார்த்தாள். என் பக்கத்தில் இருந்த டச்சுக்காரன் "ஆஹா" என்று முன்னால் சாய்வது நாற்காலிச் சத்தத்தில் தெரிந்தது.

"முடிஞ்சுதா?" என்று கேட்டேன்.

"நானும் மூடியிருக்கேன். எனக்கு எப்படித் தெரியும்?"

அவரும் மூடியிருக்கிறார் என்று தெரிந்ததும் நான் திறந்துவிட்டேன். திரை முழுக்க வெள்ளை. வெள்ளைக்கு நடுவே நகத்தளவு ஒரு பழுப்புச் சதுரம். அந்தப் பெண் ஒரு குச்சியால் அதைத் தொட்டுக் காட்டினாள். பஸ் திரும்புகிற வளைவை வைத்துப் புரிந்துகொண்டேன். செங்கல்காரர் தெரு. நான் ஏழு மாதம் காத்திருந்து, இல்லை என்று பதில் வாங்கிய தெரு. அவள் அதைக் குச்சியால் தொடுகிறாள்.

ஊருக்குத் திரும்பிய முதல் ஞாயிற்றுக்கிழமை, பஸ்ஸில் போய் அந்த வளைவுக்கு முந்தின நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டேன். எனக்கே ஆச்சரியமாகத்தான் இருந்தது. சந்துக்குள் நுழைந்தேன். பாதி வீடுகள் ஏற்கெனவே கல் குவியலாகக் கிடந்தன. மீதி வீடுகளின் கதவில் சுண்ணாம்பால் எண் போட்டிருந்தது. பத்தொன்பதாம் எண் போட்ட வீட்டின் கதவு திறந்திருந்தது. உள்ளே முற்றத்தில், பந்தலுக்குக் கீழே, யாஸ்மிராத் சம்மணம் போட்டு உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். மடியில் கெட்டி அட்டை போட்ட பதிவேடு.

"வா மெரெத்" என்றான், என்னை எதிர்பார்த்தவன் போல. "சோனா அக்கா, இன்னொரு கிண்ணம் கொடுங்க."

தந்தூர் அடுப்புக்குள் கையை விட்டு ரொட்டி எடுத்துக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும், முழங்கை வரை மாவு. "இவரும் இடிக்கிறவரா?"

"இல்லக்கா. இவரு ஆராய்ச்சி. நம்ம நகரம் எப்படி மாறுதுன்னு ஆராயறவரு."

"அப்படியா? எங்க தெருவைப் பத்தி எழுதியிருக்கீங்களா?"

நான் கிண்ணத்தைப் பார்த்தேன்.

"எழுத அனுமதி கேட்டாரு" என்றான் யாஸ்மிராத்.

அவனுடைய புது வேலையைப் பற்றிச் சொன்னான். புல்டோசர் வருவதற்கு முன்னால் ஒவ்வொரு வீட்டுக்கும் போய், என்ன இருந்தது என்று பதிவேட்டில் எழுத வேண்டும். மாற்று வீடு ஒதுக்க இந்தப் பதிவு இல்லாமல் முடியாது. அறைகள், கதவுகள், மரங்கள், அடுப்புகள். கடைசியில் "குறிப்புகள்" என்று ஒரு கட்டம். அதற்கு அளவு சொல்லவில்லை.

"அளவு சொல்லாததால தாளை ஒட்டி ஒட்டி எழுதுறேன்" என்றான். பதிவேட்டை என் பக்கம் திருப்பினான். எந்த அறையில் யார் பிறந்தார்கள், ஊரையே தரைமட்டமாக்கிய பழைய பூகம்பத்துக்குப் பிறகு எந்தச் சுவர் யார் கையால் கட்டப்பட்டது, எந்தக் கிணறு எந்த வருஷம் வற்றியது. ஒவ்வொரு பக்கத்திலும் அரசாங்க முத்திரை. கையில் அளவு நாடா, உரிமத்தோடு.

நகரம் எப்படி மாறுகிறது என்பதை நாட்டிலேயே அவன் ஒருவன்தான் ஆராய்ந்துகொண்டிருந்தான். அதுவும் தண்டனையாக. நான் எழுதிய ஒரு கடிதத்தால். என் கோட்டு தோளில் தொங்கிக்கொண்டிருந்தது.

"நான்தான் எழுதினேன்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"விசாரணையில கடிதத்தை வாசிச்சாங்க. அறுபத்து மூணாம் பக்கம்னு எழுதியிருந்தியே. என் அறிக்கையை அறுபத்து மூணாம் பக்கம் வரைக்கும் படிச்ச ஒரே ஆளு நீதான்." அவன் பதிவேட்டை மூடினான். "கோபம் இருந்துச்சு. ரெண்டு மாசம் நல்லாவே இருந்துச்சு. பொண்டாட்டி இன்னும் உன் பேரைச் சொல்ல விடறதில்ல. சரி, அந்த முனையைப் பிடி. சமையலறையை அளக்கணும்."

நாடாவின் முனையைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றேன். சோனா அந்தச் சமையலறையில் தன் கல்யாணத்துக்கு எத்தனை ஆடு வெந்தது என்று சொன்னாள். ஒரு நல்ல வாக்கியம் எனக்குத் தோன்றியது. ஆனால் அதை எழுதுவதற்கான பதிவேடு அவன் கையில்தான் இருந்தது. "வியாழக்கிழமை வருவாங்களாம்" என்றாள் சோனா, ரொட்டியைத் துணியில் சுற்றி என்னிடம் கொடுத்துக்கொண்டே. "அதுக்குள்ள மாவெல்லாம் தீர்த்துரணும்."

மறுநாள் காலை இயக்குநர் அறைக்குப் போய், என்னை இடிப்புத் துறைக்கு மாற்றும்படி விண்ணப்பம் கொடுத்தேன். ஹெம்ரா அகா அதை இரண்டு தடவை படித்தார். கூரையைப் பார்த்தார். பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"தண்டனைக்கு விண்ணப்பம் போடறீங்க. உங்ககிட்ட முதல் நிலைச் சான்றிதழ் இருக்கு. உங்களை எப்படித் தண்டிக்கிறது?"

"வேற வழி இல்லீங்களா அகா?"

"இருந்தா எனக்குத் தெரியாதா?" அவர் மேசை இழுப்பறையைத் திறந்தார். அதிலிருந்து மூன்று தாள்களை எடுத்து என் முன்னால் பரப்பினார். மூன்றும் அதே மாற்றலுக்கு அவரே எழுதிய விண்ணப்பங்கள். மூன்றிலும் சிவப்பு மையில் "தகுதி இல்லை."

"நான் செங்கல்காரர் தெருவில பொறந்தவன்" என்றார். இதைச் சொல்லும்போது அவர் குரல் இரண்டாம் நிலைக்குரிய குரலாக இல்லை. "முப்பத்தெட்டு வருஷமா அந்தப் பக்கம் போனதில்ல. நான் போனா, இயக்குநர் எதுக்குப் போனாருன்னு கேப்பாங்க. நேத்து நீங்க போனீங்கன்னு எனக்குத் தகவல் வந்துச்சு. கிழிச்சுப் போட்டுட்டேன்."

நான் அந்த மூன்று தாள்களையும் அடுக்கி அவர் பக்கம் தள்ளினேன்.

"சந்து உள்ள திரும்புற இடத்துல ஒரு மல்பெரி மரம் இருந்துச்சு" என்றார் மெதுவாக. "இருக்கா?"

"இருக்கு" என்றேன். "வியாழக்கிழமை வரைக்கும் இருக்கும்."

"நீங்க பாத்தீங்களா? கிட்டப் போய்ப் பாத்தீங்களா?"

"அதுக்குக் கீழதான் நடந்து போனேன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு என் செருப்பைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. பதினோரு வருஷம் நான் அதைத்தான் யாஸ்மிராத்தின் முதுகின் மேல் வைத்திருந்தேன். என்னை அப்படி யாரும் பார்த்தது இதுவே முதல் தடவை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது.

"பழம் விழுந்து தரையெல்லாம் கறையா இருக்குமே" என்றார் ஹெம்ரா அகா. "இந்த மாசம் பழம் இருக்கணும். இருந்துச்சா?"

நான் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன். உடனே பதில் சொல்லவில்லை.